டாப்ஸ் என்று சொல்லாதே

பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்புக்குப் போடுகிற, ரப்பர் அடி வைத்த சாதாரணக் கான்வாஸ் ஷூ. வேல்ஸில், எங்கள் நியூபோர்ட்டில் அதற்கு டாப்ஸ் என்று பெயர். இங்கே, இங்கிலாந்தின் வடக்குத் துறைமுகமான சவுத் ஷீல்ட்ஸில், சாண்ட்ஷூ. ஒரே ராணிக்குக் கீழே இருந்துகொண்டு ஒரு ஷூவுக்கு ஒரே பெயரை வைத்துத் தொலைக்க இவர்களுக்கு என்ன கேடு என்று எரிச்சலாக வரும். எரிச்சலைவிடப் பயம்தான் பெரிது. என் மகள் ஒரு தடவை வாய் தவறி 'டாப்ஸ்' என்றால் போதும், இவள் வேல்ஸ் பக்கத்துப் பிள்ளை என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிக்கும். அப்புறம் துறைமுகத்துக்கு வரும் லாரிக்காரன் எவன் காதிலாவது விழும். லாரிக்காரர்களில் பாதிப்பேர் என் புருஷன் கெதினின் கூட்டாளிகள்.

அவன் என் விலா எலும்பை உடைத்தது போன இலையுதிர் காலத்தில். கட்டுப் பிரிக்கும் முன்பே ஏழு வயது லவ்ரியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். அவளை அவன் ஒருநாளும் அடித்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் என் கண்ணிலேயே காட்டமாட்டேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறான். சொன்னால் செய்கிறவன்.

தினமும் காலையில் தலை வாரும்போது பாடம் நடக்கும்.

"கால்ல என்ன?"

"சாண்ட்ஷூ."

"எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"அப்பா?"

"கடல்ல செத்துட்டாரு."

"வேற யாராவது என்னமாவது கேட்டா?"

"வாயத் திறக்க மாட்டேன்."

பள்ளிக்கூடத்திலும் அதே பொய்யைத்தான் சொல்லிவைத்திருந்தேன். புருஷனிடம் அடிவாங்கி ஓடிவந்தவள் என்று சொல்ல வெட்கம். வெட்கப்பட வேண்டியவன் அவன், பட்டது நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் வேலை செய்யும் சலவைக்கடைக்கு போன் வந்தது. பள்ளி அலுவலகத்து டெல்ஃபர் அம்மாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, லவ்ரியோட சித்தப்பா வந்திருக்காரு. பிள்ளை சாண்ட்ஷூவ மறந்துட்டாளாம், கொண்டாந்திருக்காரு. அவரு ஊர்ல அதுக்கு டாப்ஸாம்ல, எனக்குச் சிரிப்புத் தாங்கல. அப்படியே பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கறாரு. நீ ஒண்ணும் சொல்லலையே, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்."

லவ்ரிக்கு சித்தப்பாவே கிடையாது.

"பிள்ளை எங்க?"

"வகுப்புலேருந்து கூப்பிட்டனுப்பிட்டேன், இதோ வர்றா."

"அனுப்பாதீங்க. அது அவ அப்பன். போலீசக் கூப்பிடுங்க."

ஏப்ரனோடு ஓடினேன். பத்து நிமிட தூரம். நான் போவதற்குள் அவன் அவளை லாரியில் ஏற்றியிருப்பான், இனி எந்த ஊரில் போய்த் தேடுவேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. வழியில் யாரோ என்னைத் திட்டினார்கள். எதற்கென்று தெரியாது.

லவ்ரி அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் இல்லை. டெல்ஃபர் அம்மாள் கையில் பள்ளிக்கூடத்துப் பித்தளை மணி இருந்தது, அதைக் கீழே வைக்க அவளுக்கு மனமில்லை.

"போலீசு வந்துட்டிருக்கு. அவன் மண்டி போட்டு, 'இந்தாடா தங்கம் உன் டாப்ஸ்'னு நீட்டுறான். உம் பொண்ணு நிமிந்து பாத்து, 'அது சாண்ட்ஷூ. இவர எனக்குத் தெரியாது'ன்னுட்டா. எங்க ஊருப் பிள்ளை கெட்டுது போ. கையப் பிடிச்சு இழுத்தான். மணியத் தூக்கிட்டு நடுவுல நின்னேன். ஷூவப் போட்டுட்டு ஓடிட்டான்."

பெற்ற அப்பனைத் தெரியாது என்று சொல்ல ஏழு வயதுப் பிள்ளையைப் பழக்கியிருந்தேன். பெருமையாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன். ஷூ இரண்டும் மேசைக்கடியில் கிடந்தன. புதுசு. அடியில் அளவு பன்னிரண்டு என்று போட்டிருந்தது.

நாங்கள் ஊரை விட்டு வரும்போது அவள் கால் பதினொன்று. பன்னிரண்டாம் நம்பருக்கு மாறி ஒரு வாரம்தான் ஆகிறது.

"லவ்ரி, உன் கால் அளவு அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஷூவையே பார்த்தாள். "செவ்வாக்கிழமை விளையாட விட்டப்ப வந்தாரு. வேலிக் கம்பிக்குள்ள கையை விட்டு, என் கால சாண் போட்டு அளந்தாரு. அம்மாகிட்ட சொல்லாதன்னாரு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே. யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானம்மா சொல்லிக் குடுத்த."

இரண்டு நாளாக என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். ஒரு வார்த்தை விடவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறேன், அவனுக்கும் சேர்த்து.

"வேற என்ன கேட்டாரு?"

"வீடு எதுன்னு."

"சொன்னியா?"

"இல்லம்மா. நான் வாயே திறக்கல," என்றாள், அழுகை வரும் குரலில். "கைய மட்டும்தான் காட்டினேன்."

ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப்புறம், மூன்றாவது வீடு எங்களுடையது. காலையில் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்த கதவு திறந்து கிடந்தது.