இரட்டிப்பாகிப் போன கூரை

மெதுவாகப் பேசுவது எப்படி என்று கூரை மேஸ்திரிக்குத் தெரியவே தெரியாது. முப்பது வருஷமாக ஓட்டின் மேல் நின்று கீழே கத்திக் கத்தியே அவர் தொண்டை அப்படிப் பழகிவிட்டது. மேலே அவர் எண்ணிச் சொல்லுவார், கீழே வீட்டுக்காரர் எழுத வேண்டும். எஸ்டிமேட் போட அவருக்கு அது ஒன்றுதான் வழி. தாங்களே எழுதிய கணக்கில் பிறகு யாரும் குறை சொல்ல முடியாதல்லவா!

அப்பேர்ப்பட்டவரிடம் போய்த்தான் தையல்காரம்மா, “தம்பி, ஒரு வார்த்தைகூட வாய்விட்டுப் பேசக் கூடாது. விரல்ல காட்டுங்க, நான் எழுதிக்கறேன்” என்றாள்.

“அக்கா, இதுக்கு என்னை மூச்சு விடாதன்னு சொல்லியிருக்கலாம்” என்று அலுத்துக்கொண்டார் மேஸ்திரி. அதையும் தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னார்.

காரணம், உள்ளே படுத்திருந்த அவள் கணவர். பஸ் டிரைவராக இருந்தவர். லீவு நாளெல்லாம் தானே மரம் அறுத்து, தானே ஏறி ஓடு வேய்ந்து, இந்தக் கூரையைப் போட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் “நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும்” என்று அளந்துவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து படுக்கையில் தள்ளியது. கண்ணும் வாயும் காதும் மட்டும் பழையபடியே இருந்தன.

ஒவ்வொரு மழைக்கும், “ஒழுகுதா?” என்று கேட்பார்.

“உங்க கூரையாவது, ஒழுகறதாவது!” என்பாள். சொல்லிவிட்டுப் பாத்திரங்களை எடுத்து வைப்பாள். சொட்டுகிற சத்தம் கேட்காமலிருக்க ஒவ்வொன்றிலும் பழைய துணியைச் சுருட்டிப் போடுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான். அதையும் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

போன வாரம் ஒரு மரத்துண்டு உளுத்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்தது. இனியும் பொறுக்க முடியாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். காதும் காதும் வைத்தாற்போல் எஸ்டிமேட் வாங்குவது, அவரை ஒரு மாதம் மகள் வீட்டில் விடுவது, கூரையை மாற்றிவிடுவது. திரும்பி வந்து அண்ணாந்து பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது? அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். மேஸ்திரியை, சருகு கூட்ட வந்த ஆள் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். விரல்களை விரித்தார், மடக்கினார், ஓட்டைத் தாங்கும் கைமரத்தைத் தட்டிக் காட்டினார், ஓட்டைத் தொட்டுக் காட்டினார். முற்றத்தில் நின்று அவள் அளவு நோட்டில் எழுதினாள். பிறகு இருவரும் சமையலறை மூலையில் குந்தினார்கள். அவள் எழுதியிருந்ததை வழக்கம்போல அப்படியே எடுத்து, மேஸ்திரி விலையைப் போட்டுப் பெருக்கி, தொகையைக் காட்டினார். ஐந்தரை லட்சம்.

அவள் நோட்டை மேலிருந்து மறுபடி படித்தாள். மெஷினை விற்றாலும் அதில் பாதிகூடத் தேறாது.

“ஐம்பத்திரண்டு கைமரமா!” என்று அவள் வாய்விட்டே அலறிவிட்டாள்.

“இருபத்தாறு” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

இருவரும் தடுப்புச் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள்.

“இருபத்தாறுதான். அதுலயும் நாலு நல்லாருக்கு, மாத்த வேண்டாம். அந்தச் சருகு கூட்டுறவரை உள்ள வரச் சொல்லு.”

மேஸ்திரி நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். “அக்கா, நான் இருபத்தாறுன்னுதானே காட்டுனேன்?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துணியை இரண்டாக மடித்துப் போட்டு, ஒரு பக்கம் அளந்து, இரட்டித்துக்கொள்வது தையல்காரர் வழக்கம். இரண்டு பக்கமும் சரிந்த கூரையைப் பார்த்ததும் கை தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் இரட்டித்து எழுதிவிட்டது. மேஸ்திரி காட்டியதோ முழுக் கூரைக்கும் சேர்த்து.

“அண்ணே, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் மேஸ்திரி, உள்ளே போய்.

“தடுப்புச் சுவரெல்லாம் பாதி உயரம்தானே தம்பி. படுத்த இடத்துலேருந்தே மொத்தமும் தெரியுது. ரெண்டு வருஷமா எனக்கு வேற என்ன வேலை? எழுதிக்கோங்க. ஓட்டுக்கு அடியில குறுக்க அடிச்ச ரீப்பர் முழுசும் போச்சு. ஓடு ஆயிரத்து நானூறு, பாதி தேறும். மெஷின் மேல இருக்கற ரெண்டு கைமரத்தை முதல்ல மாத்துங்க.” தன் பிள்ளையின் குறைகளை வைத்தியரிடம் சொல்கிற தகப்பன்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுபடி கூட்டியபோது இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. சீட்டு பிடித்தால் சமாளிக்கலாம்.

மேஸ்திரி சாமான் விலையை விசாரித்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். அவளுக்கு நிம்மதிக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

“எல்லாம் தெரிஞ்சிருந்துமா ஒழுகுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க? நான் பொய் சொல்றதை ரசிச்சீங்களா?”

“உங்க கூரையாவதுன்னு நீ சொல்றப்ப நல்லாருக்கும். அதைக் கேக்கத்தான்” என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஒவ்வொரு மழைக்கும் ஒத்தையா அல்லாடினேனே.”

“ஒத்தையா இல்ல. நீ எழுந்தப்பல்லாம் நானும் முழிச்சுட்டுத்தான் இருந்தேன். ஒரு பாத்திரம் எடுத்துத் தரத்தான் முடியல.”