ஒரு ஷீட் மட்டும் வேறு நிறம்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது: ‘ஒரு ஷீட் மட்டும் வேற கலரா இருக்கே.’ என் வாயில் மண்ணள்ளிப் போட.

கொடைக்கானலில் செந்தில்வேல் கட்டிய புது லாட்ஜின் முன்னால், அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அதைச் சொன்னேன். செந்தில்வேல் ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். என் எழுத்தின்மேல் பெரிய மரியாதை (படித்ததில்லை). அந்த லாட்ஜின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘பென்சனின் விரல்கள் விறைத்துப்போயிருந்த அந்தப் பனிக்காலையில் மலைகள் மௌனமாக...’

சீ. மலைகளுக்கு என்ன கேடு? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: லாட்ஜ் முகப்புக்கு ஏசிபி ஷீட் பொருத்த வந்தவன் பென்சன். இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த ஷீட். அதை இரும்புச் சட்டத்தில் வைத்து ஸ்க்ரூ முறுக்கி, இடுக்கில் சிலிக்கான் பசை இழுக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் தாளில் அங்கங்கே அம்புக்குறி இருக்கும். எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் வெயிலில் நிறம் மாறித் தெரியும். கடைசி மூலைக்கு வெட்டிய துண்டில் அம்பு விழவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று நம்பி பென்சன் மாட்டினான். நாலு நாளும் மேகமூட்டம், எல்லாமே சாம்பலாகத் தெரிந்தன. ஐந்தாம் நாள் சாரத்தைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு வெயில் வந்தது. நானும் வந்தேன்.

3

(இந்த இடத்தில் பென்சனைக் குடிகாரனாக்கினால் என் பாரம் குறையுமே என்று யோசித்தேன். அவன் தொடமாட்டான்.)

“ஏலே பென்சா, நாளைக்குத் தெறப்பு விழா. அதத் திருப்பி மாட்டு” என்றார் செந்தில்வேல்.

“சாரத்தப் பிரிச்சாச்சு மொதலாளி. காத்து வேற சுழட்டி அடிக்குது. ரெண்டு நாள் போகட்டுமே.”

“ஏணி கெடக்குல்ல? வெரசா ஏறு. எழுத்தாளர் கண்ணுக்கே உறுத்துதாம்.”

பென்சன் என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

மூன்று பக்க ஸ்க்ரூவைக் கழற்றியதும் காற்று ஷீட்டுக்கு அடியில் புகுந்தது. கையை விட்டிருந்தால் ஷீட்டோடு போயிருக்கும். நெளிந்துவிட்டால் மாற்றுத் துண்டுக்கு எங்கே போவது என்று நினைத்தான்*, விடவில்லை. இரண்டு மாடி உயரம்.

* இது என் ஊகம். அவனிடம் கேட்க எனக்கு முகமில்லை.

4

முடிவு ஒன்று: பென்சன் எழுந்து நடக்கிறான். பொய். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

முடிவு இரண்டு: செந்தில்வேல் மனம் திருந்துகிறார். இதற்கு அந்தப் பொய்யே தேவலை. “நான் ஏறச் சொல்லலீங்க, அவனாத்தான் ஏறினான்” என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார். அவர் ஏறச் சொன்னபோது பக்கத்தில் நின்றது நான் ஒருவன்தான். மறுநாள் திறப்பு விழா ஜோராக நடந்தது. கதை எழுதத் தோதாக இருக்கும் என்று இந்த அறையை எனக்குக் கொடுத்ததும் அன்றைக்குத்தான்.

5

இன்று காலையில் பென்சனின் மனைவி ஜூலியட் வந்தாள்.

“ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேண்ணே. ஸ்டேஷன் வரைக்கும் வந்து, காதால கேட்டதச் சொல்லுங்க. மொதலாளி சொன்னதையே எழுதி முடிச்சுட்டாங்கன்னா வைத்தியத்துக்கு நான் எங்க போவேன்?”

“எழுதிக்கிட்டிருக்கேம்மா. ஒண்ணு விடாம எழுதுறேன், கதையா.”

“கதையில வேணாம்ண்ணே. அங்க வந்து வாயால சொல்லுங்க. அன்னைக்கி வாயாலதான சொன்னீங்க?”

கீழே கேட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பத்தரைக்கு இன்ஸ்பெக்டர் வருவாராம். இப்போது மணி பத்து.

நான் பேனாவை மூடிவிட்டுக் கீழே இறங்கிப்

[இதற்கு மேல் எழுதினால் அது முடிவு மூன்று. அதுவும் பொய்யாகப் போகலாம்.]

ஏறச் சொன்னது யார் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். சாட்சி இரண்டு பேராகிவிட்டோம். நீங்கள் முன்னால் போங்கள். எனக்கு இன்னும் ஒரு பத்தி திருத்த வேண்டியிருக்கிறது.