கால் மட்டும் உன்னோடது

"நியூட்ரல்ல இருக்கா? நல்லாப் பாரு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாரு."

"இருக்கு. தள்ளுங்க."

நாலைந்து ஆண்கள் முன்பக்கமிருந்து தள்ள, கார் ஷெட்டை விட்டுப் பின்னோக்கி வாசலுக்கு உருண்டது. ஸ்டீரிங்கில் மகன். தள்ளியவர்களில் ஒருவருக்கும் அந்த பம்பரைத் தொட மனம் வரவில்லை. பானெட்டின் ஓரத்தில் விரல் நுனியை வைத்துத் தள்ளினார்கள். நாற்காலி போட இடம் வேண்டுமே. மதியத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்து விடுவார்கள்.

அவள் சமையலறை ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் அசைந்ததும் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. கட்டைவிரல் நோகும்வரை அழுத்தியது. கார் வாசலில் நின்ற பிறகுதான் அந்தக் கால் தளர்ந்தது.

அந்தக் காலைச் சொல்லிக் குற்றமில்லை. எத்தனையோ வருஷமாக அதற்கு அந்த ஒரு வேலையைத்தான் அவர் கொடுத்திருந்தார்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோதும் சரி, ஓய்வுக்குப் பிறகும் சரி, மிச்ச நேரமெல்லாம் அந்தப் பழைய காருக்குத்தான். கார்புரேட்டரை மாற்றுவார், சைலன்சரை மாற்றுவார். மாற்றி முடித்ததும் ஐடிலிங் வைக்க வேண்டும். அதாவது, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் அணையாமலும் அலறாமலும் ஓட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் அதை கியரில் போட்டுத்தான் பார்க்க முடியும். ஒருவர் முன்னால் குனிந்து ஸ்க்ரூவைத் திருக, இன்னொருவர் உள்ளே பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொருவர் என்று அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"ஏய் பிரேக்! வா!" என்று ஷெட்டிலிருந்து குரல் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களே, "பிரேக் அக்கா, உங்களைக் கூப்பிடறார்" என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

"உங்க சக்களத்திக்கு நான் கால் பிடிச்சு விடணுமாக்கும்" என்று முனகிக்கொண்டே போய் உட்காருவாள். ஒருமுறை சும்மா இருக்கக் கூடாதென்று கியர் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் பாய்ந்து வந்தார்.

"கையை மடியில வை. கால் மட்டும் உன்னோடது. மத்ததெல்லாம் என்னோடது. புரிஞ்சுதா?"

புரிந்தது. அதற்குப் பிறகு அவள் கையை மடியை விட்டு எடுத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமையும் கை மடியில்தான் இருந்தது. இன்ஜின் மறுபடி மறுபடி அணைந்தது. ஒவ்வொரு முறையும் அவரே ஜன்னல் வழியாகக் கையை விட்டு சாவியைத் திருகினார், கியரைத் தள்ளினார், முன்னால் போனார். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்று ஸ்க்ரூவைத் திருகினார். கார் கயிற்றை அறுக்கப் போகிற மாடு மாதிரி முன்னால் திமிறியது. அவள் காலடியில் பிரேக் திடீரென்று கல்லாகிப் போனது. மிதித்தாள். இரண்டாவது காலையும் சேர்த்து மிதித்தாள். "ஏங்க!" என்று கத்தினாள். அவர் நிமிராமலே ஒரு கையைத் தூக்கி, பிடிச்சுக்கோ என்று காட்டினார்.

பம்பருக்கும் சுவரோரத்து இரும்பு மேசைக்கும் நடுவில் அவர் இருந்தார்.

சாவி அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதைத் திருகினால் இன்ஜின் அணைந்துவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அது அவருடையது அல்லவா?

சனிக்கிழமை விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரர் தன்மையாகத்தான் கேட்டார்: "கால் வழுக்கிடுச்சாம்மா, இல்ல தெரியாம ஆக்ஸிலரேட்டர்ல பட்டுடுச்சா?"

"ரெண்டும் இல்ல. நான் மிதிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியாது.

அதிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அவளுடைய காலுக்கு ஒரு சமாதானம் கொண்டுவந்தார்கள். வயசாச்சு, மரத்துப் போயிருக்கும். ரப்பர் செருப்பு, வழுக்கியிருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் மகனே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்குதான் முட்டி வலி இருக்கேம்மா. நீ என்ன செய்வ?" என்றான்.

"மிதிச்சுக்கிட்டுதான்டா இருந்தேன்."

"சரிம்மா" என்றான். அந்த 'சரி' அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவன் திட்டியிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். மன்னிக்கிறவனிடம் என்ன பேசுவது? அப்போதிலிருந்து அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் கியர்பாக்ஸ்காரர் வந்தார். கணவருடைய சிநேகிதர், இரண்டு தெரு தள்ளிக் கடை. ஆளைவிடக் கை பெரிதாக இருக்கும். உள்ளே வந்து, "அண்ணி..." என்றார். வெளியே போய்க் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு பானெட்டைத் திறந்தார்.

மகன் அவரிடம் போனான். தாழ்ந்த குரல்தான், ஆனால் ஜன்னலுக்கு நேரே நின்றார்கள்.

"சித்தப்பா, அம்மா பிரேக்ல இருந்து காலை எடுத்திருப்பாங்களா? வேற யார்கிட்டயும் கேட்க முடியல. உண்மையைச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சா போதும்."

கியர்பாக்ஸ்காரர் கார்புரேட்டரைக் குனிந்து பார்த்தார். "இந்த ஸ்க்ரூவை யாராவது தொட்டீங்களா?" என்றார்.

"இல்ல."

"உள்ளே ஏறு. எதிர்ல இருக்கறவங்க எல்லாம் தள்ளிப் போங்க. இன்னும் தள்ளி. அந்த மரக்கட்டை ரெண்டையும் எடுத்து முன் சக்கரத்துக்கு ஒரு அடி தள்ளிப் போடுங்கப்பா."

மரக்கட்டைகள் ஷெட் அலமாரியில் அடுக்கின மாதிரியே இருந்தன. மூன்று தடவை பார்க்காமல் ஒரு லிஃப்ட் கயிற்றில் கை வைக்காத மனிதர், வெள்ளிக்கிழமை மட்டும் அவற்றை எடுக்கவில்லை. அவசரம்.

இன்ஜின் உறுமியதும் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சாவு வீட்டுல என்ன கூத்து இது?" என்று ஒரு பெரியவர் எழுந்தேவிட்டார். கியர்பாக்ஸ்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பிரேக்கை மிதி. விட்டு மறுபடி மிதி. இன்னொரு தடவை. இப்ப மிதிச்சபடியே டிரைவ்ல போடு."

கார் குலுங்கியது. மகன் எடை தூக்கிப் பழகியவன், அவனுடைய தொடையே அவள் இடுப்பு கனம் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் சுருங்குவதை அவள் பார்த்தாள். முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து, இரண்டு காலாலும் மிதித்தான். பின் சக்கரம் வழுக்காமல், அலட்டிக்கொள்ளாமல், அங்குலம் அங்குலமாகக் கார் முன்னால் வந்து கட்டையில் முட்டி நின்றது. மகனுடைய கை பாய்ந்துபோய் சாவியைத் திருகியது.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவளுடைய கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

கியர்பாக்ஸ்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பேசினார்.

"பிரேக்குக்கு உதவி பண்ற பூஸ்டர் இன்ஜின் இழுக்கற காத்துலதான் வேலை செய்யும். அண்ணன் போன வருஷம் போட்டாரே புது கேம்ஷாஃப்ட், வால்வைத் திறந்து மூடற தண்டு, அதால இன்ஜின் மெதுவா ஓடறப்ப காத்தைச் சரியா இழுக்காது. ரெண்டு மிதியில காத்து தீர்ந்துடும். அப்புறம் கல்லுதான். பத்தாததுக்கு, இன்ஜின் சுத்தறதைச் சக்கரத்துக்குக் கடத்தற அந்தப் பழைய கன்வெர்ட்டர். இந்த கேமுக்கு இன்ஜின் சும்மா நிக்கறப்பவே நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல சுத்தணும், இல்லேன்னா அணைஞ்சுடும். அந்தக் கன்வெர்ட்டரோ அதுக்குள்ளயே பிடிச்சுத் தள்ள ஆரம்பிச்சுடும். அண்ணி கால் என்ன, யானை கால் வெச்சாலும் நிக்காதுடா."

மகன் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் கியர்பாக்ஸ்காரர். "கொஞ்சம் தளர்வா இருக்கற கன்வெர்ட்டர் போடுங்க, ரெண்டாயிரத்துக்கு மேலதான் முழுசா பிடிக்கும், சிக்னல்ல பூனை மாதிரி நிக்கும்னேன். சரி சரின்னார். நானும் வரவழைச்சு வெச்சுட்டேன். போன வாரம் போன் பண்ணி, வேணாம், இருக்கறதே போதும்னார். ஏண்ணேன்னு கேட்டா சிரிச்சுட்டு வெச்சுட்டார். ஏன் அப்படிச் சொன்னார்னுதான் எனக்கு இன்னும் புரியல."

அவளுக்குப் புரிந்தது.

டார்க் கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க அவருக்கு அவள்தான் வாய்த்த மாணவி. சாப்பாட்டு மேசைமேல் இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்தார். ஒன்றை மட்டும் ஓடவிட்டார். இணைப்பே இல்லாத மற்றது, வந்த காற்றிலேயே மெல்லச் சுழல ஆரம்பித்தது. "பாத்தியா? இது இன்ஜின், அது சக்கரம். நடுவுல காத்துக்குப் பதிலா எண்ணெய். இது எந்த வேகத்துல சுத்தினா அது கிளம்பணும், அதுதான் விஷயம்" என்றார். மேசைமேல் இருந்த பேப்பரெல்லாம் பறந்தது. இரண்டு நாள் பேச்சு அதேதான். மூவாயிரம் என்றால் ரேஸ்காரனுக்கு, எண்ணெய் கொதித்துவிடும். இரண்டாயிரத்து இருநூறு என்றால் நம் வண்டிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பழையது என்றால் மாற்றாமலே சமாளிக்கலாம், ஆனால் ஐடிலிங்கை ஏற்ற வேண்டியிருக்கும்.

போன வாரம் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காரைப் பற்றி அவளிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

"என்ன சொல்ற? மாத்தவா, இருக்கறதையே ஓட்டவா?"

"மாத்தறதுன்னா மறுபடி கியர்பாக்ஸை இறக்கணுமா?"

"ஆமா. ஒரு மாசம் ஆகும்."

அவளுடைய அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, எழுந்து நடக்க ஆரம்பித்திருந்த நேரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கக் கண்டிப்பாகப் போகலாம் என்று நாலாவது முறையாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் கார் ஜாக்கிமேல் நின்றது.

"இருக்கறதே போதும்" என்றாள் அவள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஞாயித்துக்கிழமை வண்டி தரையில நிக்கணும். எனக்கு அது போதும்."

"பிரேக் சொல்லியாச்சு. அப்பீலே கிடையாது" என்று சிரித்துக்கொண்டே போனார். அவருடைய வாழ்நாளில் அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மகன் சமையலறைக்குள் வந்தான். தண்ணீர் எடுக்க வந்தவன் மாதிரி வந்து, எடுக்காமல் நின்றான். பிறகு தரையில் உட்கார்ந்தான். இரண்டு நாளில் முதல்முறையாக அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

"அம்மா, நான்..."

"தெரியும்டா. எழுந்திரு. தரை ஈரமா இருக்கு."

அவன் எழுந்திருக்கவில்லை. அவளுடைய வலது பாதத்தின் மேல் கையை வைத்தான். அந்தக் கையின் கனத்தில் அவள் வாயைத் திறந்தாள். நான்தான்டா போதும்னு சொன்னேன் என்று சொல்ல வேண்டியது அந்த நிமிஷம்தான். அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. கைத்தடியை ஊன்றி, இரண்டு பேர் தாங்க, அக்கா உள்ளே வந்தாள். தங்கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி, பிறகு அழுதாள்.

"இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் வரீங்கன்னு ரெண்டு நாற்காலியைத் துடைச்சு வாசல்ல போடச் சொல்லியிருந்தேன்டி. நான்தான் அவசரமே இல்லேன்னேனே. நான் எங்க ஓடியா போகப் போறேன்? மெதுவா வரலாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன" என்றாள் அவள்.

அவர் வந்தார். நாற்காலிகள் நகர்ந்தன. முகத்தில் அடி இல்லை. ஏதோ சத்தத்தைக் கேட்டு, எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கும்போது புருவத்தை ஒரு மாதிரி ஏற்றுவாரே, அப்படியே இருந்தது. விரல் நகத்துக்குள் கிரீஸ் கறுப்பு. ஆஸ்பத்திரியில் கழுவியும் போகவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். மகன் இப்போது வருகிற ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "அம்மா மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரல் அறை முழுவதும் கேட்டது. ஒவ்வொரு முறையும் அவள் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

எடுக்கும் நேரம் வந்தபோது கியர்பாக்ஸ்காரர் அவள் பக்கத்தில் நின்றார்.

"அந்தப் புதுசு இன்னும் உங்க கடையிலதான் இருக்கா?" என்றாள் அவள்.

"இருக்கு அண்ணி. பெட்டியைக்கூடப் பிரிக்கல."

"பிரிக்க வேணாம்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

வேனின் பின்பக்கம் மகனும் மற்ற ஆண்களும் ஏறிக்கொண்டார்கள். மயானம் வரை தானும் வருவேன் என்று நின்ற அவளை முன் சீட்டில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஓட்டுநர் சின்ன வயசுக்காரர், பேசாமல் மெதுவாக ஓட்டினார். வாசலில் கட்டையில் முட்டியபடி நின்ற கார் பின்னால் போயிற்று. பேக்கரி, தையல் கடை, பள்ளிக்கூடத்துச் சுவர். கடைத்தெரு முனையில் சிவப்பு விழுந்தது. வேன் நின்றது. இன்ஜின் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் தற்செயலாகக் கீழே பார்த்தார். அவளுடைய வலது கால் ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

"பிரேக் என்கிட்ட இருக்கும்மா" என்றார் அவர் மெல்ல. "நீங்க காலை எடுத்துக்குங்க. நான் பிடிச்சிருக்கேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

பச்சை விழுந்தது. வேன் நகர்ந்தது. அவள் காலை எடுக்கவில்லை.