கோழிக்குடல் வயரிங்

மூன்றாவது பெட்டியும் புகைந்துவிட்டது. சூரிய மின்சாரத்தில் ஓடும் கிணற்று மோட்டார்களை இயக்கும் டிரைவர் என்ற மின்னணுப் பெட்டியைக் கட்டுகிற பட்டறை, எகிப்தின் மின்யாவில். டிரைவரை வடிவமைத்தவள் ரிஹாப். கரும்பு வெட்டுகிறவரின் மகள். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள்.

"இன்னொண்ணு வெடிச்சா உன் டிசைனை மூட்டை கட்டிருவேன்," என்றார் முதலாளி ஹாஜி ஷவ்கி. "சீனாப் பெட்டிய வாங்கி வித்துட்டுப் போறேன். நீ கல்லாவுல உக்காரு."

"கல்லாவுல உக்காரவா படிச்சேன்? நாலாவது பெட்டியத் திறங்க, ஹாஜி."

வயரிங் மேஸ்திரி உஸ்தா பயூமி பெருமையோடு மூடியை எடுத்தார். மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஒரு மூலையில் வரிசையாக நின்றன. அங்கிருந்து டிரான்சிஸ்டர்கள் வரை ஒரு முழ வயர். சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு மறுபக்கம், நூல் சுற்றி, கல்யாணப் பெண்ணின் சடைபோல. வாங்க வரும் விவசாயி முதலில் மூடியைத்தான் திறப்பார். அதனால் இங்கே எல்லாப் பட்டறையிலும் இதே அலங்காரம்.

"இந்த அழகுதான் கொல்லுது," என்றாள் ரிஹாப். "டிரான்சிஸ்டர் அணையுறப்பல்லாம் இந்த நீள வயர் வோல்டேஜை எகிற வச்சு அது தலையிலயே போடுது."

"இருபது வருசமா இப்படித்தான் கட்டுறேன், இன்ஜினியரம்மா. ஒண்ணும் ஆகல."

"நீங்க கட்டுனது நாப்பத்தெட்டு வோல்ட், உஸ்தா. இது நானூறு."

கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் பல்பை வைத்தாள். காலையில் மோட்டார் மாட்டாமல் சோதித்தபோது ஏறிய மின்சாரத்தில் அது பளிச்சென்று எரிந்து அடங்கியது. மீட்டர் பூஜ்யம் காட்டியதும் சடையை நறுக்கினாள். பயூமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெப்பாசிட்டர்களை டிரான்சிஸ்டர்களின் காலடிக்கே நகர்த்தி, இரண்டு வயரையும் குட்டையாக, ஒட்டி ஒட்டிப் பற்றவைத்தாள்.

"கோழிக்குடல் மாதிரி இருக்கு," என்றார் பயூமி.

"இருக்கட்டும். போடுங்க சுவிட்சை."

ஹாஜி இரண்டடி பின்னால் நகர்ந்தார். ரிஹாப் நகரவில்லை. சோதனைத் தொட்டிக்குள் மோட்டார் முனகி, வேகமெடுத்தது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் சீறி ஹாஜியின் கலாபியா அங்கியை நனைத்தது. தேநீர் கொதித்து, ஆறி, குடித்தும் ஆயிற்று. புகை வரவில்லை.

"திறந்து பாக்குறவனுக்கு என்ன சொல்றது?" என்றார் ஹாஜி, ஈரத்தைப் பிழிந்தபடி.

"தண்ணியப் பாக்கச் சொல்லுங்க."

பயூமி அடுத்த பெட்டியை இழுத்து வைத்தார். வெட்டுக் குறடைக் கையில் எடுத்தார்.

"எவ்வளவு நீளம்?"

"உங்க சுண்டுவிரல். அதுலயும் பாதி."