கடைசிக் காட்சியில வாற ஓட்டோ

என்ர பேர் யூட்சன், வயசு இருபத்தாறு, இருக்கிறது பிரான்சில, பாரிசுக்குப் பக்கத்தில. படம் எடுக்கிற பெடியளும் இந்த வாட்சப் குறூப்பில இருக்கிறதால சொல்லுறன். அம்மா இதுக்குள்ள இல்லையெண்டு பாத்துப்போட்டுத்தான் தொடங்கிறன். பஸ்சில நிண்டு வாயால சொல்லுறன், போன் எழுதுது.

தங்கச்சி யூலிற்றா, நீ அனுப்பின கதைவசனம் வாசிச்சனான். அண்ணா சினிமாவில வேலை செய்யிறான், அவனிட்டக் கேப்பம் எண்டு பெடியளுக்குச் சொன்னியாம். நான் தியேட்டர் கூட்டிறனான். கதவடியில தும்புத்தடியோட நிண்டு, எல்லாப் படத்திலயும் கடைசிப் பத்து நிமிசம் மட்டும் பாக்கிறனான். பாசையும் அரைகுறை. அந்தப் படிப்பிலதான் சொல்லுறன்.

எங்கட கோயில் கூத்தில ராசா வந்தோண்ண தான் ஆரெண்டு தானே பாடுவார். நீயும் அப்பிடியே எழுதியிருக்கிறாய். மீன் வாங்க வாறவன்கூட ஊர் பேர் சொல்லிப்போட்டுத்தான் விலை கேக்கிறான். படத்தில ஆரும் அப்பிடிச் சொல்லுறேல்லை. வெட்டு.

பிறகு, தாய் கடற்கரையில நிண்டு அழுகிற இடத்தில வசனம் ஒரு பக்கம். நடிக்கப்போறது எங்கட அம்மா. அவா அழேக்க கதைக்கிறவாவே? மூக்கைத் துடைச்சுப்போட்டு வலையில நண்டு கழட்டுவா. அதைக் காட்டு, காணும்.

இப்ப கடைசிக் காட்சி. மரியநேசன் மாமான்ர ஓட்டோ வருது, வெளிநாட்டு மகன் சூட்கேசோட இறங்கிறான், தாய் கட்டிப்பிடிக்கிறா. மற்ற எல்லாருக்கும் நடிக்கிற ஆளின்ர பேர் போட்டிருக்கிறாய். மகனுக்கு நேர யூட்சன் எண்டு என்ர பேரை எழுதி விட்டிருக்கிறாய். அம்மா அதை வாசிச்சுப்போட்டு நேற்று போன் எடுத்தவா. என்ர அறைக்குப் பெயின்ற் அடிக்க ஆள் சொல்லியாச்சாம்.

"தம்பி, உண்மையாத்தானே வாறாய்? இல்லாட்டி அவள் ஏன் உன்ர பேரை எழுதிறாள்?"

இங்க என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. இப்ப வெளிக்கிட்டால் திரும்பி உள்ளுக்க வரேலாது. அதை அம்மாவுக்குச் சொல்லேல்லை. லைன் சரியில்லை எண்டு வைச்சிட்டன்.

தியேட்டரில கண்டதைச் சொல்லுறன். மகன் வந்து கட்டிப்பிடிச்ச படமெண்டால் சனம் லைற் போட முந்தியே எழும்பி ஜக்கெற் தேடும். ஆரும் வராமல் முடிஞ்ச படமெண்டால் அப்பிடியே இருக்கும், காலடியில கூட்டினாலும் எழும்பாது. எனக்கு அது கரைச்சல்தான். ஆனால் நல்ல படம் அதுதான்.

யூலிற்றா, தயவுசெய்து அந்த ஓட்டோவை வெட்டிவிடு. அம்மா கேட்டால், படம் நீளமாப் போச்செண்டு சொல்லு.