நடுச்சுவர்

விடிவதற்கு முன்பே மண்வெட்டிகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. மில்லுக்குப் பின்னால் இருந்த மணல் மேட்டைச் சுற்றி ஆணும் பெண்ணுமாகச் சாக்கு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சாக்கின் வாயைப் பிடிக்க, ஒருவர் மணலைத் தள்ள, பாதி நிரம்பியதும் மூன்றாமவர் இழுத்து ஓரம் வைத்தார். வாய் வரை நிரப்பினால் மூட்டை உருண்டையாகிவிடும், ஒன்றோடொன்று படியாது, இடுக்கில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். பாதி மணல் போட்டு, வாயை அடியில் மடித்து வைத்து, மேலே ஏறி மிதிக்க வேண்டும். மழைக்காலந்தோறும் வாய்க்கால் பொங்கிப் பொங்கி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை இது.

மில் ஆட்களுக்கு முதலாளி விட்டிருந்த வீடுகள் எல்லாம் ஒரே சந்தில் இருந்தன. சந்து சரிந்து இறங்கி வாய்க்காலில் போய் முடியும். மேட்டில் இருந்தது மேல் லைன். அங்கே தறி ஓட்டுகிறவர்கள், நிரந்தர வேலைக்காரர்கள். பள்ளத்தில் இருந்தது கீழ் லைன். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள், கூட்டுகிறவர்கள், தினக்கூலிகள். சம்பளத்தில் மேல் கீழ் உண்டு, வெள்ளத்தில் மட்டும் கிடையாது. சந்தின் கடைசியில், வாய்க்கால் ஓரமாக, இரண்டு லைனும் சேர்ந்து ஒரே சுவராக மூட்டை அடுக்குவதுதான் வழக்கம்.

இந்த முறை மேஸ்திரி வந்து ஆட்களைப் பிரித்தார். கீழ் லைன் முழுக்கக் குடோனுக்குப் போய் நூல் பேல் பொதிகளை உயர அடுக்கில் ஏற்ற வேண்டும், சுவரை மேல் லைன் பார்த்துக்கொள்ளும், இது முதலாளியின் உத்தரவு என்றார். நூல் நனைந்தால் முதலாளிக்குத்தான் முதலில் ஜுரம் வரும்.

மில்லில் யந்திரம் பழுது பார்க்கிற ஃபிட்டர் மேல் லைன்காரன், அவன் தங்கை கீழ் லைனில் இருந்தாள். வீட்டை அவள் பாதிதான் ஒழுங்கு செய்திருந்தாள். கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றியாயிற்று, சாக்கடை எதிர்த்து வராமல் கழிவறைக் குழியில் மணல்மூட்டையை அமுக்கியாயிற்று, மின்சார மெயினை இறக்கியாயிற்று. துணிமணியும் தானியமும் தையல் மிஷினும் இன்னும் தரையிலேயே இருந்தன. போவதா வேண்டாமா என்று வாசலில் நின்றாள்.

"நீ போம்மா. கடைசிச் சுவரை நானே நின்னு கட்றேன். உன் வாசலுக்கு ஒரு சொட்டு வராது" என்றான் ஃபிட்டர்.

அண்ணன் சொன்னால் அவளுக்கு அப்புறம் பேச்சே கிடையாது. போய்விட்டாள்.

மத்தியானம் ஒரு லாரி வந்து, நிரப்பி வைத்த மூட்டைகளில் பெரும்பங்கைக் குடோன் வாசலுக்கு அள்ளிக்கொண்டு போனது. மிச்சத்தை வைத்துக் கடைசிச் சுவரில் கால்வாசிகூடக் கட்ட முடியாது. சந்து நடுவில் குறுகுகிற இடத்தைக் காட்டி, இங்கே போடு, மேல் லைனாவது தப்பட்டும் என்றார் மேஸ்திரி. குடோனுக்கு ஓடிப்போய்க் கீழ் லைன்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லலாமே என்று யாரோ முணுமுணுத்தார்கள். சொன்னால் பேலைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள், அவர்கள் வேலை போய்விடும் என்று ஃபிட்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மேல் லைனில் அவனுடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மனிதனுக்குச் சோற்றுக்குப் பஞ்சம் வரலாம், நியாயத்துக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

கட்டினான். பிளாஸ்டிக் ஷீட்டை அடியில் மடித்துக் கொடுத்து, ஒவ்வொரு வரிசையையும் மிதித்து, வஞ்சனையில்லாமல் கட்டினான். அவன் கட்டியதிலேயே நல்ல சுவர் அதுதான்.

இருட்டும் நேரத்தில் வாய்க்கால் கரையேறியது. கீழ் லைன்காரர்களைக் குடோனிலிருந்து விட்டபோது அவர்கள் வீடுகளில் மார்பளவு தண்ணீர். நடுச்சுவருக்கு மேற்புறம் கணுக்கால்கூட நனையவில்லை. மேஸ்திரி முந்திக்கொண்டார். சந்தின் கடைசியில் கட்டிய சுவரை வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது, அப்புறம்தான் அவசரத்துக்கு இதைப் போட்டோம் என்றார். மேல் லைன்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஃபிட்டரும் தரையைப் பார்த்தான்.

தண்ணீர் வடிந்த பிறகு விட்டுப்போனது சேறுதான். மில் எண்ணெயும் சாக்கடையும் கலந்த, காலை விட்டால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற சேறு. அதை டின் தகட்டால் சுரண்டி, வாளியில் அள்ளி, அள்ளின இடத்தில் மறுபடி கசிவதைப் பார்த்துத் திட்டினார்கள். மெத்தைகள் ஊதிக் கிடந்தன. தானியம் முளைவிட்டு நாறியது. ஃபிட்டர் விடிந்ததிலிருந்து தங்கை வீட்டில் கிடந்தான். சுவிட்ச் பெட்டிகளைக் கழற்றிச் சேற்று நீரைக் கவிழ்த்தான். தையல் மிஷினைப் பிரித்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்தான். ஆறு பேர் வேலையை ஒரே ஆள் செய்தால், செய்கிறவனுக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டுக்காரி சுவரைப் பற்றி ஏதோ குத்தலாகச் சொன்னாள். தங்கை அவளைச் சும்மா விடவில்லை. "எங்கண்ணன் கட்டின சுவரே நிக்கலேன்னா அது எப்பேர்ப்பட்ட வெள்ளமா இருக்கணும்? அதைப் பேசு." குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஃபிட்டருக்கு அது அறுத்தது. மிஷினின் சின்ன ஸ்க்ரூ ஒன்று கைநழுவிச் சேற்றில் விழ, அதைத் தேடுகிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

மதியம் முதலாளி வந்தார். சேற்றில் கால் படாமல் நடுச்சுவரின் மேலேயே நின்றுகொண்டார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற குரலில் பேசினார்.

"உங்க உயிர் எனக்கு முக்கியம். இந்தப் பள்ளம் குடியிருக்க லாயக்கில்ல. நாளைக்குக் காலையில ஆள் வந்து கீழ் லைனை இடிச்சிடுவாங்க. சாமானை எடுத்துக்குங்க."

"நாங்க எங்கய்யா போறது?" என்று கேட்டாள் தங்கை.

"வேலை இருக்கு, வீடுதான் இல்ல. நான் என்ன பண்றது? சந்துக் கடைசியில சுவர் கட்டியும் நிக்கலையே. யார் கட்டினது அது?"

நம்ம ஃபிட்டர்தான் என்றார் மேஸ்திரி.

"கெட்டிக்காரன். அவன் கட்டியே நிக்கலேன்னா அங்க எதுவும் நிக்காது."

ஃபிட்டர் கைத்துணியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தான். "கடைசியில சுவரே கட்டலய்யா" என்றான். "சாக்கு இல்ல. உங்க லாரி அள்ளிட்டுப் போச்சு. இருந்ததை வெச்சு, இவங்களை வெளியே விட்டுட்டு இதைக் கட்டினோம். நீங்க நிக்கறீங்களே, அதை."

முதலாளி காலடியில் இருந்த மூட்டைகளைக் குனிந்து பார்த்தார்.

"அப்போ அது உங்க தப்பு" என்றார் முதலாளி.

"எங்க தப்புதான். அதுக்கு இவங்க காலைப் பிடிக்கறோம். உங்க தப்புக்கு நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

"நீ யார் வீட்டுல இருக்கேன்னு ஞாபகம் வெச்சுப் பேசு."

"உங்க வீடுதான். அதையும் எடுத்துக்குங்க."

மேல் லைனிலிருந்து வயதான தறிக்காரம்மா ஒருத்தி முன்னால் வந்து, நானும்தான் மூட்டை எடுத்துக் கொடுத்தேன் என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் அதையே சொன்னார்கள். முதலாளி, காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். "நான் அங்க பேல் தூக்கிட்டிருந்தப்போ, நீ இங்க இதைக் கட்டிட்டிருந்தியா?"

"ஆமாம்மா."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீரில் ஊறிப் பருத்த கதவு சட்டத்தில் சேரவில்லை. திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

சாயங்காலம் தறிக்காரம்மா மேல் லைனில் வீடு வீடாக ஏறினாள். சிலர் பயந்தார்கள். நாளைக்கு நமக்கும் இதுதானே என்றார்கள். அதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்றாள் அவள். இடிப்பதை நிறுத்துகிற வரை தறி ஓடாது, மேல் லைனில் வீட்டுக்கொருவர் போய்க் கீழ் லைன் வாசல்களில் உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. மேஸ்திரியின் மச்சினன்கூடத் தலையாட்டினான்.

வெளிச்சம் வருகிற நேரத்தில் அவர்கள் இறங்கி வந்தார்கள். நடுச்சுவரை எட்டுக் கைகள் பிரித்து ஓரம் தள்ள, சந்து திறந்தது. ஆளுக்கொரு வாசலாகப் போனார்கள். ஃபிட்டர் தங்கை வீட்டின் முன்னால் போய் நின்றான். அவன் மனைவி குழந்தையோடு உள்ளே நுழைந்தாள். தங்கை குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவனும் காலை எடுத்து வைக்கப் போனான்.

"நீ உள்ள வராதே" என்றாள்.

நின்றான்.

"படியில உக்காரு. வர்றவன் முதல்ல உன்னைத் தாண்டி வரட்டும்."

உட்கார்ந்தான். படி ஈரமாக இருந்தது. மில் சங்கு ஊதியது. எந்த வாசலிலிருந்தும் யாரும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை குழந்தையோடு வெளியே வந்தாள். அவனைப் பார்க்காமல் அதே படியின் மறுகோடியில் உட்கார்ந்தாள். சந்தின் தலைப்பில் லாரி ஒன்று திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் குழந்தையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.