செல்லச்சாமியின் இலை

சிக்கல் ஊர்ப் பக்கம் வானம் பொய்த்துப் போனதும் சில குடும்பங்கள் சேர்ந்து மூட்டை கட்டிப் பாம்பனுக்கு வந்தன. தென்னந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். ஒரே நீளக் கொட்டகை, குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லோருக்கும் ஒரே அடுப்பு என்று பேச்சு. ஒரே அடுப்பில் உலை வைப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? தோப்பில் கூடி உட்கார்ந்து முதலில் சட்டம் பேசினார்கள்.

"இலையில போட்டதுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கப்படாது" என்றாள் ராக்கு. பட்டினி பார்த்தவள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்துக் கூத்தையா தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் மற்றவர் வாய் திறக்க முடியாது.

"புருசன் பொஞ்சாதிக்குத் தனி அறை. தனியா இருக்க பொம்பளைக பஞ்சம்மாளோட இருந்துக்கிறட்டும்."

பஞ்சம்மாள் தாலியறுத்தவள். யாரும் ராக்குவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் புருசன் செல்லச்சாமி சிலோனுக்குக் கப்பலேறிப் போனவன். ஒருமுறை ஆள் மூலம் சேலை கொடுத்தனுப்பினான். அப்புறம் தாக்கல் தகவல் ஒன்றும் இல்லை.

"எனக்கும் தனி அறை வேணும் மாமா. அவரு வந்தா எங்கன படுப்பாரு?"

"வந்தாப் பாத்துக்கலாம் தாயி."

"வந்தா என்ன வந்தா? வருவாரு!"

"அப்ப ஊத்துத் தோண்ட, ஓலை சுமக்க, அவன் முறைய யாரு செய்யிறது?"

"நான் செய்யிறேன்."

செய்தாள், பிடிவாதக்காரி! தன் முறை முடிந்து ஆண்கள் முறை வந்ததும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மறுபடி ஊற்றுக்குழிக்குள் இறங்கினாள். உள்ளங்கை கொப்பளித்தது. மணலை அள்ளும்போதெல்லாம் மனசு அவனோடுதான் பேசியது. 'வாசலக் கடலப் பாத்து வைக்கச் சொல்லிருக்கேன். உங்களுக்குக் காத்து வேணும்ல? சீக்கிரம் வாங்க.' ஏக்கம் அவளைத் தின்றது.

குடிபுகுந்த அன்று பால் காய்ச்சி, பந்தி போட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்தார்கள். கூத்தையா கடைசியில் இன்னோர் இலையைத் தானே விரித்தார்.

"செல்லச்சாமி இலை. அறை இருக்குல்ல, இலையும் இருக்கட்டும்."

அவர் கையாலேயே சோறும் பருப்பும் பூசணிக்காயும் பரிமாறினார். ராக்குவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஊரே ஒத்துக்கொண்டதே, அது போதாதா!

ஆண்கள் எழுந்தார்கள். சிக்கல் வழக்கப்படி பெண்கள் அவரவர் புருசன் சாப்பிட்ட இலையிலேயே உட்கார்ந்தார்கள். பக்கத்தில் வெள்ளையம்மாள், புருசன் மென்று போட்ட முருங்கைச் சக்கையை ஒதுக்கிவிட்டுச் சோறு வாங்கினாள். "மனுசன் எனக்கு ஒரு துண்டு வச்சாரா பாரு!" என்று வைதாள்.

ராக்கு தன் இலையைப் பார்த்தாள். சோறு குவித்தபடியே இருந்தது. பருப்பில் விரல் பட்ட தடம் இல்லை. பூசணிக்காய் என்றால் அவளுக்கு உயிர். எப்போதும் பாதியை அவளுக்கென்று ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் செல்லச்சாமி எழுந்திருப்பான். இன்று முழுசும் இருந்தது. அது யாரும் அவளுக்கென்று ஒதுக்கி வைத்ததல்ல. புருசன் இலை எச்சில் படாமல் அவளிடம் வந்தது அன்றைக்குத்தான்.

எழுந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் சட்டம் அவள் சொன்னதாயிற்றே. கண்ணீரும் சோறுமாகக் கடைசிப் பருக்கை வரை தின்றாள்.

கை கழுவியதும் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பஞ்சம்மாள் அறை வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, இங்கன எனக்கு ஒரு மூலை இருக்குமா?"

கூத்தையா பதறி ஓடி வந்தார். "ஏத்தா, உன் அறை உனக்குத்தான! செல்லச்சாமி வந்தா எங்கன படுப்பான்?"

ராக்கு பாயை விரித்தாள்.

"வந்தாப் பாத்துக்கலாம் மாமா."